கொண்டல் காற்றில் அச்சான படங்கள்

கள்ளியோடையில் கொண்டல் அடிக்கிற மாதங்களில் கலர் பிரிண்ட் போட்ட படத்தில் யார் யார் ஒன்றாக நிற்கிறார்களோ அவர்கள் ஒருவருக்குள் ஒருவர் கொஞ்சம் கசிந்துவிடுவார்கள் என்பது ஊருக்குப் பழகிப்போய் இரண்டு மூன்று வருஷம் ஆன பிறகுதான், புஷ்பத்தின் பிரிண்டரைப் பழுது பார்க்க வரும் உச்சிமாகாளி இனிமேல் வரப்போவதில்லை என்கிற செய்தி வந்தது. முன்னதைவிடப் பின்னதுதான் எங்களை உலுக்கியது.

எங்கள் ஊருக்கு இரண்டே காற்றுதான். வைகாசி பிறந்தால் தேரிச் செம்மணல் மேடுகளைத் தாண்டி மேற்கேயிருந்து வருவது மேல்காற்று. அது வீசுகிற நாளில் துவைத்த வேட்டி கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் அப்பளமாக விறைத்துக்கொள்ளும், உதடு வெடிக்கும், உப்பளத்தில் அள்ளுகிற உப்பு கண்ணாடிச் சில்லுபோலக் கலகலக்கும். ஐப்பசியில் அது ஓய்ந்து கடலுக்குள்ளிருந்து கொண்டல் கிளம்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். தீப்பெட்டி பற்றாது, பொரித்த அப்பளம் துவண்டுவிடும், கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், அம்பாரமாகக் குவித்து ஓலை மூடி வைத்த உப்பு உள்ளுக்குள்ளேயே அழத் தொடங்கும். இந்த இரண்டு காற்றுக்கும் தக்கபடி கல்யாணத்தையும் கோயில் கொடைவிழாவையும் சண்டையையும் சமாதானத்தையும் நாங்கள் முன்பே ஒழுங்கு பண்ணி வைத்திருந்தோம். பிரிண்டர் ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதுவும் வந்து சேர்ந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ‘புஷ்பம் கலர் ஜெராக்ஸ்’. புஷ்பம் என்றால் தங்கபுஷ்பம், முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவள். ஏன் ஆகவில்லை என்று யாராவது இழுத்தால், “எங்கப்பாவுக்கு மருந்து கொடுத்துக்கிட்டே இருந்தேன், திரும்பிப் பாக்கதுக்குள்ள வயசாயிட்டு, இப்ப என்ன, உங்க வீட்டுல மாப்பிள்ள இருக்கா?” என்று அவளே கேட்டு, கேட்டவரை ஓட வைத்துவிடுவாள். வாய் அப்படி. ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் அவளிடம் நாலு பக்கம் பேச்சு வாங்கிக்கொண்டு போவார், மறுநாள் இன்னொரு ஜெராக்ஸுக்குக் காரணம் தேடுவார்.

அவள் வாங்கிய கலர் பிரிண்டருக்கு நாலு மைத்தொட்டி. மை வந்து விழுகிற தலையில், முடியைவிட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்குமாம். மேல்காற்று வந்தால் அந்தத் துளைகளின் வாயிலேயே மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். காதுகுத்துப் பத்திரிகையில் பிள்ளையின் மூக்கு வழியே ஒரு வெள்ளைக்கோடு ஓடும், சிவப்பு அடைத்துவிட்டால் மாப்பிள்ளை காமாலை வந்தவராக மணமேடையில் நிற்பார். கொண்டலில் அடைப்பே கிடையாது, ஆனால் காகிதம் ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து வீங்கியிருக்கும், விழுந்த மை விழுந்த இடத்தில் நிற்காமல் பக்கத்தில் படரும். எந்த நாள் எப்படி என்று அறிய அவள் பிரிண்டரின் தலைமேல் ஒரு சாஸரில் கைப்பிடியளவு கல்லுப்பு வைத்திருந்தாள். உப்பு கலகலவென்று உருண்டால் துளைகளைக் கழுவவேண்டும். விரலில் ஒட்டினால் நல்ல நாள். சாஸரில் தண்ணீர் கோத்து நின்றால், தெரிந்தே கேட்டு வருகிறவர்களுக்குத் தவிர, ஒற்றை ஆள் படம்தான் போடவேண்டும்.

அந்தக் கடைசி விதி பின்னால் வந்தது. முதல் வருஷம் அவளுக்கும் தெரியாது. கார்த்திகை அடைமழையில் ஒரு மாமியார் மருமகள் படத்தைப் போட்டுக் கொடுத்தாள், மாமியாரின் அரக்குச் சேலை மருமகளின் தோளில் லேசாகப் படர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து மருமகள் வைத்த மீன்குழம்பில் மாமியாரின் கைமணம் வந்தது, மாமியார் யாருக்கும் தெரியாமல் மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு டி.வி.யில் பாட்டுப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் நின்று எடுத்த படம். ஏழாம் வாய்ப்பாடு தெரிந்த ஒரே பெண் நடுவில் நின்றாள்; மறுநாள் வகுப்பு முழுவதும் ஏழாம் வாய்ப்பாடு சொன்னது, அவளைப் போலவே ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று தப்பாகவும் சொன்னது. டீச்சர் சந்தோஷப்படுவதா தலையில் கைவைப்பதா என்று தெரியாமல் லீவு போட்டுவிட்டார். உப்பளத் தொழிலாளர் சங்கத் தேர்தலில் எதிரும் புதிருமாக நின்ற இருவர், பள்ளி ஆண்டுவிழா நோட்டீஸில் தோளோடு தோள் ஒட்டி அச்சானார்கள்; அன்று மாலையே ஒருவர் மேடையேறி எதிராளியைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தவர், நடுவில் நிறுத்தி, “ஆனாலும் அவரும் பாவம், அவருக்கும் முட்டுவலி” என்று சொல்லி இறங்கினார். கூட்டம் கைதட்டிற்று.

ஊர் இதற்காகக் கூடிப் பேசவில்லை, யாரையும் வரவழைத்துக் கேட்கவும் இல்லை. தண்ணீர் உப்பாவதை யார் போய் ஆராய்ந்தோம்? ஆனால் ஏற்பாடுகள் மாறின. பெண் வீட்டார் கல்யாண குரூப் படத்தை வைகாசியில்தான் போடவேண்டும் என்று நிச்சயதார்த்தத்திலேயே பேசி வைத்தார்கள். நாத்தனாருக்குத் தனிப் படம் என்பது ஒரு மரியாதையாயிற்று. பேசாமலிருந்த அண்ணன் தம்பிகள் கார்த்திகையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் வந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டு, போகும்போது ஒரே சைக்கிளில் போனார்கள். பிடிக்காதவர்கள் படத்தைத் தண்ணீரில் முக்கினால் போதும், மை கரைந்தோட, கசிந்தது கசிந்தவரிடமே திரும்பிவிடும். அந்த மாமியார் அப்படித்தான் தன் மீன்குழம்பை மீட்டுக்கொண்டாள், பாட்டுப் பார்க்கிற ஆசையை மட்டும் விட மனசில்லாமல் முக்குவதற்கு முன் இரண்டு நாள் யோசித்தாளாம். என்றென்றைக்கும் இருக்கட்டும் என்கிறவர்கள் லேமினேஷன் செய்துகொள்வார்கள்.

எனக்கும் என் மனைவிக்கும் அப்படி ஒரு படம் உண்டு. பாகற்காய் வாசனைக்கே எழுந்து போகிறவன் நான். படம் போட்ட மறுநாள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். என்னிடமிருந்து உனக்கு என்ன வந்தது என்று கேட்டதற்கு, “உங்ககிட்ட என்ன இருக்கு வரதுக்கு?” என்றாள், ஆனால் அன்றிலிருந்து கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். அவள் போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. படம் அலமாரியின் மேல்தட்டில், தண்ணீர் எட்டாத இடத்தில் இருக்கிறது. வாரம் ஒருமுறை பாகற்காய் வாங்குகிறேன்.

புஷ்பம் மட்டும் இதில் ஒரு கண்டிப்பு வைத்திருந்தாள். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் கடைக்கு நேரே வந்து, நின்று, சேர்த்துப் போடு என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும். பிள்ளைக்குத் தெரியாமல் பிள்ளையின் படத்தைக் கொண்டுவந்து படிப்பாளி ஒருவனோடு ஒட்டிப் போடச் சொன்ன தகப்பனை அவள் விரட்டிய விரட்டில் அவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். “கேக்காம ஒருத்தர எடுத்து இன்னொருத்தர்மேல ஊத்துததுக்கு நான் என்ன பாயாசமா கிண்டுதேன்?” என்றாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு கள்ளத்தனம் இருந்தது. கடைக்கு மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல். மேல்காற்று மாதங்களில் அதைச் சாத்தி வைத்தால் பிரிண்டர் பாதி நாள் பிழைக்கும், ஒரு மண்பானைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தால் மீதி நாளும் பிழைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஜன்னலைத் திறந்து வைத்தாள். சாத்திக்கொள்ளாதபடி கொக்கியும் மாட்டினாள்.

காரணம் உச்சிமாகாளி. தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில், தோளில் ஒரு காக்கிப் பையோடு வருவார். நாற்பது தாண்டிய, கல்யாணம் ஆகாத, காதோரம் மட்டும் நரைத்த மனிதர். பெயரைச் சொல்லும்போதே அருவாளும் கையுமாக ஒரு உருவம் மனசில் வரும், ஆள் என்னவோ அந்தப் பெயரில் பாதிச் சத்தம்கூடப் போடமாட்டார். வெதுவெதுப்பான தண்ணீரை ஊசிக்குழலில் எடுத்து, அடைத்த துளைகளுக்கு மருந்து புகட்டுகிற மாதிரிச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் குனிந்திருப்பார். புஷ்பம் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், உலகத்துச் சங்கதி அத்தனையும் சொல்வாள். அவர் “ம்” என்பார். ரொம்பச் சந்தோஷமாக இருந்தால் இரண்டு “ம்”. முடிந்ததும் ஏதாவது ஒரு படத்தைச் சோதனைக்கு அடித்துப் பார்த்துவிட்டு, நாலரை பஸ்ஸைப் பிடிப்பார்.

ஊர் இதை எப்படிக் கண்டுபிடித்தது என்றால், கூப்பிடுகிற முறையை வைத்து. எங்கள் பக்கம் நாலு வயசு மூத்த ஆணென்றால் அவர் அண்ணாச்சி; டீக்கடைக்காரர், கண்டக்டர், போலீஸ், பிச்சை கேட்டு வருகிறவர் எல்லோருமே அண்ணாச்சிதான். புஷ்பமும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட்டாள். உச்சிமாகாளியை மட்டும் கூப்பிடவில்லை. “இந்தாங்க” என்பாள், “இங்க பாருங்க” என்பாள், வேறு வழியே இல்லாதபோது “மெக்கானிக்” என்பாள். அவரும் கடைக்காரப் பெண்களையெல்லாம் தங்கச்சி என்கிறவர், இந்தக் கடையில் மட்டும் அந்த வார்த்தையை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிடுவார். முதலில் கவனித்தது எதிர் டீக்கடைக் கோமதிநாயகம். “ஊருல எல்லாரும் அண்ணாச்சி, ஒருத்தர் மட்டும் இந்தாங்கவா?” என்று அவர் கேட்ட அன்று புஷ்பம் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள், ஆயுளில் முதல்முறையாகப் பதில் சொல்லாமல் போனாள்.

ஆக ஊருக்குத் தெரிந்தது, இருவருக்கும் தெரிந்தது, சொல்லத்தான் ஆளில்லை. அவளுக்கு அத்தனை வாய் இருந்தும் இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அது திறக்கவில்லை. அவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே டீ குடிக்கும்போதுதான் தெரியும். இரண்டு பேரையும் ஒரே படத்தில் நிறுத்திக் கொண்டலில் அடித்தால் அவள் பேச்சில் கொஞ்சம் அவருக்குக் கசியும், காரியம் முடியும் என்று உப்பளத்துச் சீனியம்மாள் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினோம். அப்போதுதான் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. கொண்டலில் பிரிண்டர் அடைக்காது, அடைக்காவிட்டால் அவர் வரமாட்டார், அவர் நேரே வந்து நிற்காமல் புஷ்பம் படம் போடமாட்டாள். மேல்காற்றில் அவர் வருவார், ஆனால் மை கசியாது. அவர் இருக்கும்போது ஈரமில்லை, ஈரமிருக்கும்போது அவரில்லை. இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

மூன்றாம் வருஷம் ஆனி மாதத்தில், டீக்கடையில் கண்ணாடித் தம்ளரைத் திருப்பித் தரும்போது உச்சிமாகாளி தன் ஜென்மத்தில் பேசிய மிக நீளமான வாக்கியத்தைப் பேசினார். “அண்ணாச்சி, அடுத்த சனிக்கிழமைதான் கடைசி, ஆடி பிறந்தா ஓசூருக்குப் போறேன், அங்க வேலை கிடைச்சிருக்கு.”

கோமதிநாயகம் அந்தத் தம்ளரைக் கழுவ மறந்துவிட்டார். அன்று மாலைக்குள் உப்பளம்வரை செய்தி போய்விட்டது. புஷ்பத்திடம் யாரும் சொல்லவில்லை, அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவள் கடையில் சத்தமில்லாமல் இருந்ததால் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் கடை மூடியிருப்பதாக நினைத்துத் திரும்பிப் போனார்கள்.

“கொண்டலு வரலன்னா நாம கொண்டுவந்து விடுவோம்” என்றாள் சீனியம்மாள். “ஒரு கடைக்குள்ள ஒரு மத்தியானம் ஈரம் வேணும். அவ்வளவுதான? கடலுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு ஈரத்துக்கா பஞ்சம்?”

சனிக்கிழமை காலை புஷ்பம் கடையைத் திறந்தபோது வாசலில் ஊரே நின்றது. கோமதிநாயகம் நாலு இட்லிக் கொப்பரையை அடுப்போடு தூக்கிக்கொண்டு வந்தார். மழைக்காலப் பண்டிகை ஒன்று முன்கூட்டியே வந்துவிட்டதாகவும் அதற்கு இட்லி உங்கள் கடையில்தான் அவிக்கவேண்டும் என்றும், பார்க்கிறவர்கள் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். ஜன்னலிலும் கதவிலும் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டார்கள். தலைக்குக் குளித்த பெண்கள் பதினைந்து இருபது பேர் ஈரக் கூந்தலை விரித்துப்போட்டுக்கொண்டு கடைக்குள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி துவைத்த சேலைகளை லேமினேஷன் மிஷினுக்குமேல் கொடி கட்டிக் காயப்போட்டாள்.

“என்ன நடக்கு இங்க?” என்றாள் புஷ்பம்.

“தலை காயப்போடுதோம்.”

“எங்கடையிலயா?”

“வெளிய காத்து அடிக்குல்லா, சளி பிடிக்கும்” என்றாள் சீனியம்மாள், ஐம்பது வருஷமாக அந்தக் காற்றில் உப்பு வாரியவள்.

பத்தரை மணிக்கு உச்சிமாகாளி வந்தார். சாக்கை விலக்கிக்கொண்டு ஆவிக்குள் நுழைந்து, கூந்தல்களைத் தாண்டி, சேலைக்குக் கீழே குனிந்து பிரிண்டரை அடைந்து, ஒன்றும் கேட்காமல் காக்கிப் பையைத் திறந்தார். அதுதான் அவர். புஷ்பம் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள். ஊர் மொத்தமும் சாஸரைப் பார்த்தது. உப்பு அசையாமல், பளபளவென்று, எலும்பாகக் காய்ந்து கிடந்தது.

பன்னிரண்டு மணிக்கும் அப்படியே. இட்லி மூன்று ஈடு இறங்கிவிட்டது, எல்லோரும் சாப்பிட்டுவிட்டோம், முகமெல்லாம் வியர்த்து ஊற்றுகிறது, உப்புக்கு மட்டும் வியர்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாக்கு நனையுங்கள், இன்னும் கொஞ்சம் அடுப்பை ஏற்றுங்கள் என்று ஒருவருக்கொருவர் ரகசியமாகச் சத்தம் போட்டோம். உச்சிமாகாளி கறுப்பு முடித்து நீலத்துக்குப் போனார், நீலம் முடித்துச் சிவப்புக்குப் போனார். மஞ்சள் முடிந்தால் சோதனைப் படம், அதன்பிறகு நாலரை பஸ், அதன்பிறகு ஓசூர்.

சீனியம்மாள்தான் பார்த்தாள். கதவுக்கும் ஜன்னலுக்கும் அடியில் இடுக்கு வழியே காற்று புகாமல் இருக்க, எங்கள் ஆட்கள் உப்பு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் எதை அடைக்கவும் உப்பு மூட்டைதான். வாய்க்கால் உடைந்தாலும் அதுதான், கல்யாணப் பந்தல்கால் ஆடினாலும் அதுதான். அந்த மூட்டைகள் காலையிலிருந்து கொப்பரை ஆவி முழுவதையும் மடக்கு மடக்காகக் குடித்துவிட்டு, கீழே குளமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டு, நிறை மாசக்காரியைப்போல உட்கார்ந்திருந்தன.

“உப்ப வச்சு ஈரத்தப் பிடிக்க வந்த புத்திசாலி யாருல?” என்று அவள் தொண்டையை அடக்கிக்கொண்டு கத்தினாள். “உப்பளத்துலயே பொறந்தவனுவ! ஒருத்தனுக்குமா தோணல?”

ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே அந்நேரம்வரை தோன்றவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை. மூட்டைகளைச் சத்தமில்லாமல் வெளியே இழுத்து, அந்த இடத்தில் நனைத்த பனம்பாயைச் சொருகினோம். மஞ்சள் பாதி முடிந்தபோது சாஸரில் ஒரு கல் மங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு மொத்த உப்பும் மெதுவாக ஒன்றோடொன்று சாய்ந்து, விளிம்பில் ஒரு துளி திரண்டு நின்றது. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள்.

உச்சிமாகாளி நிமிர்ந்தார். “ஒரு படம் அடிச்சுப் பாக்கணும்.”

கோமதிநாயகம் அதற்காகவே காத்திருந்தவர்போலத் தன் போனை நீட்டினார். போன வாரம் டீக்கடையிலிருந்து எடுத்த படம் அது. உச்சிமாகாளி குனிந்திருக்கிறார், புஷ்பம் டார்ச் பிடித்திருக்கிறாள், இருவர் தலையும் கிட்டத்தட்ட முட்டுகிறது. கேட்காமல் யாரையும் சேர்த்துப் போடக்கூடாது என்கிற அவள் கண்டிப்பை அவள் கடையில், அவள் கண்முன்னே, அவள் மிஷினில் நாங்கள் மீறினோம். உச்சிமாகாளி எந்தப் படம் என்றுகூடப் பார்க்காமல் பட்டனை அழுத்தினார். காகிதம் இழுபட்டு வந்தது. அவருடைய சட்டையின் சாம்பல் நிறம் அவளுடைய சேலையின் மாந்தளிருக்குள் நுழைந்து, சேலையின் மாந்தளிர் அவர் சட்டைக் காலர்வரை ஏறி, நடுவில் இரண்டுமல்லாத ஒரு நிறமாக நின்றது.

ஒரு மூச்சு விடுகிற நேரம் கடையில் கொப்பரைச் சத்தம் மட்டும்தான். பிறகு உச்சிமாகாளி வாயைத் திறந்தார்.

“ஏங்க, இங்க பாருங்க, நான் ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க” என்று தொடங்கினார், தொடங்கியவர் நிற்கவில்லை. ஓசூராவது ஒண்ணாவது என்றார், அங்கே குளிரில் மை உறையுமே தவிர மனுஷன் இருப்பானா என்றார், இந்தக் கடைக்கு வருகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்காக ஒரு கிழவரோடு சண்டை போட்டிருக்கிறேன் என்றார், உங்கள் அப்பாவுக்கு மருந்து கொடுத்த கை எனக்கு ஒரு வாய் சோறு கொடுத்தால் குறைந்தா போய்விடும் என்றார், இந்த ஊர்க்காரர்கள் தலை காயப்போட வந்தவர்களா, இவ்வளவு முடி இந்த ஊரில் இருக்கிறதா என்றார். ஆட்கள் சிரித்துக் கண்ணீர் விட்டார்கள். கோமதிநாயகம் விசில் அடித்தார். “அப்படிப் போடுங்க அண்ணாச்சி!”

புஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பேசவேண்டும் என்று வாயெடுப்பது தெரிந்தது, வந்தது என்னவோ “ம்” என்பதுதான். அவருடைய மௌனம் முழுசாக அவளுக்குள் இறங்கியிருந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அதுவரை அவளிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறோம், அந்தப் பார்வைக்கு முன்னால் அதெல்லாம் கொஞ்சல். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் கையை ஆட்டுகிற விதம், இடுப்பில் கைவைக்கிற விதம், வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததைப் பிடிக்கிற விதம் எல்லாம் அவளுடையவை. ஒரு பெண் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னைத்தானே பெண் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு என்று பின்னாளில் சொன்னாள்.

அவள் அவர் கையிலிருந்து படத்தை வாங்கினாள். சாக்கு நனைக்க வைத்திருந்த வாளிக்குள் அதை முக்கினாள்.

“ஏட்டி, பாவி!” என்றாள் சீனியம்மாள்.

மை பிரிந்து வாளித் தண்ணீரில் புகைபோலச் சுழன்றது. உச்சிமாகாளியின் பேச்சு, பாதி வார்த்தையில், மின்சாரம் போன ரேடியோவாக நின்றது. அவர் கை இடுப்பிலிருந்து இறங்கிற்று. காது மடல்கள் சிவந்தன. தான் சொன்னதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது என்பது அதில் தெரிந்தது.

புஷ்பத்துக்குக் குரல் திரும்பியது. நாங்கள் அடிவாங்கத் தயாராக நின்றோம், அவளோ எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நல்லாத்தான் பேசுனீங்க” என்றாள். “ஆனா அது எம் பேச்சு. எனக்கு என் வாயி தெரியாதா? ஓடி வந்தது நாக்கு மட்டுமா, அதுக்குப் பின்னால உள்ளதும் என்னுதுதானான்னு எனக்கு எப்படித் தெரியும்? என் ஆசையவே எடுத்து எங்கிட்டயே நீட்டுனா நான் வாங்கிக்கிட முடியுமா? இவங்க சாக்கு நனைச்சுக் கொண்டுவந்தது எனக்கு வேண்டாம். உங்ககிட்ட உங்களுதா ஏதாவது இருந்தா சொல்லுங்க. இல்லன்னா பஸ்ஸுக்கு நேரமாயிட்டு.”

அவர் குனிந்து காக்கிப் பையை எடுத்தார். ஊசிக்குழலை உதறி உள்ளே வைத்தார், பாட்டிலின் மூடியைத் திருகி உள்ளே வைத்தார், துணியை நாலாக மடித்து உள்ளே வைத்தார். ஜிப்பை இழுத்தார், அது சிக்கியது, திரும்ப இழுத்தார். இட்லிக் கொப்பரையைக் கோமதிநாயகம் இறக்கி வைத்துவிட்டார். வெளியே நாலரை பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. கண்டக்டர் எட்டிப்பார்த்து, உள்ளே இத்தனை பேரும் ஏன் சிலையாக நிற்கிறார்கள் என்று புரியாமல், அவரும் படியிலேயே நின்றுவிட்டார்.

உச்சிமாகாளி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போனார். ஈரச் சாக்கை ஒரு கையால் விலக்கியவர், விலக்கியபடியே நின்றார்.

“மிஷின்ல இனி கோளாறு ஒண்ணும் இல்ல” என்றார், சாக்கைப் பார்த்து. “நல்லா ஓடும்.”

புஷ்பம் தலையை ஆட்டினாள்.

“நாளைக்கு வாரேன்.”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது அவளுக்குள் யாருடைய மௌனமும் இல்லை, அது அவளுடையதேதான்.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை” என்றாள். “கடை கிடையாது.”

“தெரியும்” என்றார் உச்சிமாகாளி.